வாரண்டி முடிந்த இருபதாம் நாள்: ஷோரூமா, மெக்கானிக் ஷெட்டா, நுகர்வோர் ஆணையமா?

எங்கள் வீடு ராமேஸ்வரத்துக்கு முன்னால் வரும் மண்டபம் என்ற ஊரில், கடலுக்குக் கூப்பிடு தூரம். இரவு காரைத் துடைத்து வைத்தாலும் காலையில் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். அவ்வளவு உப்பு படிந்திருக்கும். மூன்று வருட வாரண்டி முடிந்து இருபதாம் நாள் ஏசியில் குளிர்ச்சி நின்றுபோனது. முன்பக்க கிரில் வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏசி கேஸைக் குளிரவைக்கும் கண்டென்சரின் கீழ் மூலையில் அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடி பூத்திருந்தன, விரல் பட்டதும் உதிர்ந்தன. நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு எண்ணெய்க் கறை. கேஸ் கசிந்த இடம் அதுதான்.

ஷோரூம் சர்வீஸில் ஒரிஜினல் கண்டென்சர், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய் சொன்னார்கள். ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் வெளி ஸ்பேர் போட்டு 7,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். விலையை மட்டும் பார்த்தால் முடிவு எடுப்பது சுலபம். ஆனால் இங்கே விலையை விட, யாரிடம் முதலில் போவது என்ற வரிசைதான் முக்கியம் என்பது என் கருத்து.

மெக்கானிக் ஷெட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பச்சை பிடித்த கனெக்டர், துருப்பிடித்த பிரேக் பைப், எர்த் ஒயர் என உப்புக்காற்று செய்யும் வேலையை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். காரணத்தைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள். குறை என்னவென்றால், பெரும்பாலும் பில் கிடையாது, கழற்றிய பாகம் அன்று மாலையே பழைய இரும்புக்குப் போய்விடும். தயாரிப்பிலேயே கோளாறு என்று பிறகு வாதாட நினைத்தால் அந்தப் பாகம்தான் சாட்சி.

அதனால் முதலில் ஷோரூம். வாரண்டி தாண்டிச் சில நாட்களே ஆன கோளாறுக்கு, கம்பெனி ஸ்பேர் விலையில் ஒரு பங்கையோ முழுவதையுமோ ஏற்பது உண்டு, குட்வில் என்பார்கள். அது உரிமை இல்லை, கேட்டால்தான் கிடைக்கும். எனக்குக் கைகொடுத்தது பழைய ஜாப் கார்டு, அதாவது சர்வீஸுக்கு விடும்போது நாம் சொல்லும் குறைகளை எழுதும் சீட்டு. 34-வது மாத சர்வீஸில் ‘ஏசி கூலிங் குறைவு’ என்று எழுத வைத்திருந்தேன். கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் நிரப்பி அனுப்பிவிட்டார்கள். வாரண்டிக்குள் சொன்ன குறை இது என்று ஜாப் கார்டு நகலோடு கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டேன். உப்பால் வந்த அரிப்பு வாரண்டியில் சேராது என்று முதல் பதில் வந்தது. பல வாரண்டி புத்தகங்களில் அந்த வரி உண்டு, கடலோரத்துக்காரர்கள் வண்டி வாங்கும் அன்றே தேடிப் படிக்க வேண்டிய வரி அது. இரண்டாவது மின்னஞ்சலுக்குப் பிறகு ஸ்பேர் இலவசம், கேஸும் கூலியும் என் செலவு என்று முடிந்தது.

முடியாமல் போயிருந்தால்? 1915-க்கு அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்திருப்பேன். அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வண்டியை மதுரையில் வாங்கியிருந்தாலும் ராமநாதபுரத்தில் போடலாம், இணையம் வழியாகவும் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருட அவகாசம். பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படி அனுப்பும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும். ஏழாயிரத்துக்காக நான் போகமாட்டேன். இன்ஜின், கியர்பாக்ஸ் என்றால் தயங்கமாட்டேன்.

ராமேஸ்வரம் டாக்ஸிக்காரர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். வருடமா கிலோமீட்டரா, எது முந்துகிறதோ அதோடு வாரண்டி முடியும். தனுஷ்கோடிக்கும் மதுரைக்கும் ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர்தான் முந்தும். ‘வாடகை வண்டி, நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்று சொன்னால் அப்படியே திரும்பி வராதீர்கள். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் வாங்கிய வண்டியின் உரிமையாளரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது.

‘வெளியே கை வைத்தால் வாரண்டி போச்சு’ என்ற மிரட்டலுக்கும் ஒரு பதில் உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஸ்பேரையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததும், வாரண்டியைக் காட்டித் தடுத்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டன. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின.

மச்சான் வண்டிக்கு அடுத்த மாதம் வாரண்டி முடிகிறது. நேற்று கிரில் வழியே டார்ச் அடித்துப் பார்த்தோம், மூலையில் லேசாக வெள்ளை பூத்திருக்கிறது. போட்டோ எடுத்துக்கொண்டு இன்று காலையே சர்வீஸுக்குப் போனோம். ‘கண்டென்சரில் அரிப்பு, கசிவு சோதிக்கவும்’ என்று ஜாப் கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுத்தான்.