விரலில் கிளிப்பா, ஊசிக் குத்தா? இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களுக்கு ஹீமோகுளோபின் பார்க்க எது சரி?

இடுப்பு எலும்பு முறிந்த பாட்டிக்கு ரத்தம் வெளியே தெரியாது. தொடைக்குள்ளேயே கசிந்து தேங்கும். மூட்டு உறைக்கு வெளியே முறிந்திருந்தால் கசிவு இன்னும் அதிகம். வந்த அன்று டெசிலிட்டருக்கு 11 கிராம் காட்டிய ஹீமோகுளோபின், டிரிப்ஸ் ஏறி ரத்தம் நீர்த்தபின் மறுநாள் 9-க்கு இறங்கிவிடலாம். அதனால் ஒரு தடவை பார்த்தால் போதாது.

அடிக்கடி பார்க்க வசதியானது விரலில் மாட்டும் கிளிப். மாசிமோ நிறுவனத்தின் ரேடிகல்-7 போன்ற கருவிகள், சாதாரண ஆக்சிஜன் கிளிப்பைவிடக் கூடுதலான ஒளி அலைநீளங்களை விரலுக்குள் செலுத்திக் கணக்கிடுகின்றன. குத்தல் இல்லை, இடைவிடாமல் எண் ஓடும். ரத்தம் எடுக்க விடியற்காலையில் எழுப்பினால் குழம்பிப்போகும் முதியவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சிக்கல் துல்லியத்தில். நிறுவனமே சொல்லும் பிழை சுமார் 1 கிராம் கூடக்குறைய, அதுவும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு அளவீடுகளுக்குத்தான். விரல் சில்லிட்டிருந்தால், கை நடுங்கினால், நகப்பூச்சு இருந்தால் இன்னும் தடுமாறும். ரத்தம் இழந்த முதியவருக்குச் சில்லிட்ட விரல்தானே வழக்கம்!

இந்த 1 கிராம் ஏன் முக்கியம்? 2011-ல் வெளியான ஃபோகஸ் ஆய்வில், இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 2016 இடுப்பு முறிவு நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு 10-க்குக் கீழே போனதும் ரத்தம் ஏற்றினார்கள். மறு பிரிவுக்கு 8-க்குக் கீழே போனால் அல்லது அறிகுறி தெரிந்தால் மட்டும். 60 நாள் கழித்து உயிரிழப்பிலும் நடக்கும் திறனிலும் பெரிய வித்தியாசமில்லை. அதன்பின் பல இடங்களில் 8-தான் எல்லை. கிளிப் 8.6 காட்டும்போது உண்மை 7.6 ஆக இருந்தால் முடிவே மாறிவிடும்.

விரல் நுனியில் குத்தி, ஹீமோக்யூ என்ற சிறு கருவியில் பார்ப்பது நடுவழி. ஒரு சொட்டு போதும், சுமார் ஒரு நிமிடத்தில் விடை. ஆனால் விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து எண் பிசகும். இமையை விலக்கி வெளுப்பைப் பார்ப்பது சந்தேகம் கொள்ள உதவும், அவ்வளவுதான்.

என் தேர்வு: போக்கைக் கவனிக்கக் கிளிப், ரத்தம் ஏற்றலாமா என்று முடிவெடுக்க லேப். கிளிப் எண் படிப்படியாக இறங்கினால் உடனே சிரைரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும், டிரிப்ஸ் ஓடாத கையிலிருந்து. எண் நன்றாக இருந்தும் பாட்டிக்கு மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், படபடப்பு இருந்தால் எண்ணை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அப்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள்.