பிளக்கில் 6 மடங்கு, நிலக்கரியில் 2 மடங்கு

பெட்ரோல் ஸ்கூட்டரா, மின் ஸ்கூட்டரா என்று கேட்டால் எல்லாரும் ரூபாயில்தான் கணக்குப் போடுகிறார்கள். அதில் மின்சாரம்தான் ஜெயிக்கும், பேச்சே இல்லை. ஆனால் ரூபாய்க்குள் வரியும் மானியமும் கலந்து கிடக்கின்றன. ஆற்றலை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் (கரன்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்). லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்றால் 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட். ஓட்டி நிறுத்தியதும் சைலன்சரில் கால் பட்டுவிட்டால் தெரியும், இதில் பெரும்பங்கு எங்கே போகிறது என்று. மின் ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்கு, சார்ஜர் இழப்பையும் சேர்த்து, பிளக்கில் மூன்றரை யூனிட் போதும். கிட்டத்தட்ட 6 மடங்கு லாபம். விளம்பரங்கள் இதோடு நின்றுவிடும்.

அந்த மூன்றரை யூனிட் எங்கிருந்து வருகிறது? கம்பியில் இழப்பதைச் சேர்த்தால் மின்நிலையத்திலிருந்து 4 யூனிட் கிளம்ப வேண்டும். மேட்டூர் போன்ற அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். ஆக, 12 யூனிட் நிலக்கரி. பெட்ரோலுக்கும் எண்ணெய்க் கிணறு, சுத்திகரிப்பு, டேங்கர் லாரி எல்லாம் உண்டு. தாராளமாக 24 யூனிட் வைக்கலாம். 6 மடங்கு 2 மடங்காகிவிட்டது.

ஆனி, ஆடியில் முப்பந்தல் காற்றாலைகள் சுழலும்போதும், நண்பகல் வெயிலிலும் சார்ஜ் போட்டால் இந்த நிலக்கரி இழப்பு குறையும். நாமோ ராத்திரி சாப்பிட்டுவிட்டுத்தான் பிளக்கைச் செருகுகிறோம்!

அப்புறம் பேட்டரி. 1 யூனிட் கொள்ளளவு பேட்டரியைச் செய்ய, சுரங்கம் தொடங்கித் தொழிற்சாலை வரை சில நூறு யூனிட் ஆற்றல் செலவாகிறது. 300 என்று வைத்தால், 3 யூனிட் பேட்டரிக்கு 900. நிலக்கரி மின்சாரத்திலேயே ஓட்டினாலும் 100 கிலோமீட்டருக்கு 12 யூனிட் மிச்சம் என்பதால், 7,500 கிலோமீட்டரில் அது திரும்பிவிடும். தினம் 30 கிலோமீட்டர் ஓடும் டெலிவரிக்காரருக்கு இது எட்டு, ஒன்பது மாதம். அவர் யோசிக்கவே வேண்டாம். கடைத்தெருவுக்கும் கோயிலுக்குமாக 5 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு நாலு வருஷத்துக்கு மேல். புதிதாக வாங்குவதானால் அவருக்கும் மின் வண்டியே சரி. பெட்ரோல் வண்டியைச் செய்யவும் ஆற்றல் வேண்டுமே. வீட்டில் நல்ல நிலையில் பழைய வண்டி நின்றால் மட்டும், ஆற்றல் கணக்கைக் காட்டி அதை அவசரமாக எக்ஸ்சேஞ்சில் தள்ள வேண்டியதில்லை.