ஒரே ரூட்டா, தனித்தனிப் பார்ட்டிஷனா, எல்விஎம்மா, பிடிஆர்எஃப்எஸ்ஸா?

லினக்ஸ் நிறுவும்போது டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எந்த முறையும் முதல் நாள் ஒழுங்காகத்தான் ஓடும். இடம் தீர்ந்துபோகும் நாளில் எது எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லாமே ஒரே ரூட்டில் (எல்லா டைரக்டரிகளுக்கும் மேலான '/') இருக்கும் முறையில் ஒரு ஜிபிகூட வீணாகாது. 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்புக்கு இதுவே போதும். ஆபத்து, கட்டுப்பாடில்லாமல் வளரும் லாக் கோப்பு, அதாவது நிரல்கள் எழுதும் நடப்புப் பதிவு. லினக்ஸின் மையப் பதிவேடான சிஸ்டம்டி ஜர்னல் தனக்குத்தானே வரம்பு வைத்துக்கொள்ளும்: ஃபைல் சிஸ்டத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி. /வார்/லாக்கில் நேரடியாக எழுதும் சேவைகளுக்கு அந்த வரம்பு இல்லை. பழைய லாக்குகளை ஒதுக்கி அழிக்கும் லாக்ரொட்டேட் வந்து சுழற்றுவதற்குள் டிஸ்க் நிரம்பிவிடலாம். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் இயல்பாகவே 5 சதவீதத்தை ரூட் பயனருக்கு (நிர்வாகிக்கு) ஒதுக்கி வைப்பதால், நிரம்பிய பிறகும் உள்ளே நுழைந்து சுத்தம் செய்ய முடியும். ஆனால் ரூட் பயனராக ஓடும் சேவை அந்த ஒதுக்கீட்டையும் தின்றுவிடும். தரவு மட்டும் இருக்கும் 1 டிபி டிஸ்க்கில் இந்த 5 சதவீதம் 50 ஜிபி. அங்கே அதை 1 சதவீதமாகக் குறைக்கலாம். ரூட் இருக்கும் டிஸ்க்கில் கை வைக்காதீர்கள்.

அளவு நிர்ணயித்த தனிப் பார்ட்டிஷன்கள் இந்த ஆபத்தைத் தடுக்கும். லாக் போன்ற வளரும் தரவு இருக்கும் /வார் நிரம்பினாலும் ரூட் மூச்சுவிடும். பயனர் கோப்புகளுக்கான /ஹோம் தனியாக இருந்தால் அதைத் தொடாமல் மறுநிறுவலும் செய்யலாம். சிக்கல், அளவை முன்கூட்டியே ஊகிக்க வேண்டியிருப்பது. 20 ஜிபி /வாரில் டாக்கர் இமேஜ்கள் (கன்டெய்னர் நிரல்களின் பொதிகள்) குவிந்து திணறும்போது, பக்கத்தில் /ஹோம் 300 ஜிபி காலியாகக் கிடக்கும். அதிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் /ஹோமை அன்மவுண்ட் செய்து (இணைப்பைக் கழற்றி), சுருக்கி, அதன் தொடக்கத்தையே நகர்த்த வேண்டும். அதற்கு உள்ளிருக்கும் தரவு முழுவதும் இடம் மாற வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் பேக்கப்தான் கதி. எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் என்றால் சுருக்கவே நடைமுறையில் வழியில்லை.

இந்த நிலையில் பலரும் கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் சிம்லிங்க் (குறுக்குவழி) போட்டுச் சமாளிப்பார்கள். ஒரு டைரக்டரியை இன்னொரு பாதையிலும் தெரியவைக்கும் பைண்ட் மவுண்ட் அதைவிட மேல்; பாதை மாறாததால் நிரல்கள் குழம்பாது. ஆனால் எந்த மவுண்டுக்கும் ஒரு பொறி உண்டு. பூட் ஆகும்போது மவுண்ட் தவறினால், சேவை அடியிலுள்ள வெறும் டைரக்டரியிலேயே எழுதத் தொடங்கும். பிறகு மவுண்ட் சரியானதும் அந்தக் கோப்புகள் மறைந்துவிடும். டிஸ்க்கின் மொத்தப் பயன்பாட்டைச் சொல்லும் டிஎஃப் கட்டளை அவற்றைக் கணக்கில் காட்டும், கோப்பு கோப்பாகக் கூட்டும் டியூவுக்குத் தெரியாது. ரூட்டை வேறொரு டைரக்டரியில் பைண்ட் செய்து பார்த்தால் அகப்படும். தடுக்க, மவுண்ட் செய்யுமுன் அந்தக் காலி டைரக்டரிக்கு சிஎச்ஏடிடிஆர் (chattr) கட்டளையால் 'மாற்ற முடியாது' என்ற பண்பைக் கொடுத்துவிடுங்கள்.

கெர்னல் கோப்புகள் இருக்கும் /பூட் தனியாக இருந்தால் 1 ஜிபி கொடுங்கள். பழைய கெர்னல்கள் சேர்ந்து நிரம்பினால் கோப்புகளைக் கையால் அழிக்காமல், பேக்கேஜ் மேலாளர் வழியாகவே நீக்குங்கள்.

சர்வருக்கு என் ஓட்டு எல்விஎம்முக்கு. டிஸ்க்குகளை வால்யூம் குரூப் என்ற பொது இருப்பாக்கி, அதிலிருந்து வேண்டிய அளவில் வால்யூம்களை வெட்டிக்கொள்ளும் முறை இது. எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையை ஆர் சுவிட்ச்சோடு (-r) கொடுத்தால் வால்யூமும் ஃபைல் சிஸ்டமும் சேர்ந்தே வளரும். சேவையை நிறுத்த வேண்டாம். நிபந்தனை ஒன்றுதான்: வால்யூம் குரூப்பில் காலி இடம் மிச்சம் இருக்க வேண்டும். ரெட் ஹாட் வகையறாவின் தானியங்கிப் பிரிப்பு இங்கேதான் காலை வாருகிறது. பெரிய டிஸ்க்கில் ரூட்டுக்கு 70 ஜிபி வைத்துவிட்டு மீதி அனைத்தையும் /ஹோமுக்குக் கொடுத்துவிடும், அதுவும் எக்ஸ்எஃப்எஸ்ஸில். பிறகு புதிய டிஸ்க் சேர்க்காமல் ரூட்டை வளர்க்க, /ஹோமைப் பேக்கப் எடுத்து, அழித்து, சிறியதாக மறுபடி உருவாக்குவதைத் தவிர வழியில்லை. உபுண்டு சர்வர் நேரெதிர். 200 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கில் ரூட்டுக்கு 100 ஜிபி மட்டும் கொடுத்து, மீதியை ஒதுக்காமல் விட்டுவிடும். "பாதி டிஸ்க்கைக் காணோம்" என்று புதியவர்கள் பதறுவார்கள். விஜிஎஸ் கட்டளை ஒதுக்காத இடத்தைக் காட்டிவிடும். எனக்கு இதுதான் புத்திசாலித்தனமான இயல்பமைவு.

ஒரே வால்யூமை இரண்டு டிஸ்க்கில் பரப்பினால், ஒன்று போனாலே வால்யூம் போய்விடும். எல்விஎம் இருப்பதால், டிஸ்க் பழுதிலிருந்து காக்கும் ரெய்டு வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம், 2020இல் வெளிவந்த ஃபெடோரா 33 முதல் அதன் டெஸ்க்டாப் பதிப்புகளில் இயல்பாக வருகிறது. ரூட்டும் /ஹோமும் தனித்தனி சப்வால்யூம்கள் (உட்பிரிவுகள்), ஆனால் இடம் பொதுவானது. ஊகிக்கும் வேலையே இல்லை. மறுபுறம், கோட்டா (அளவு வரம்பு) போடாவிட்டால் ஒன்று பெருத்து மற்றதைப் பட்டினி போடும். பலர் தடுமாறுவது ஒரு கணத்து நிலையை அப்படியே உறையவைக்கும் ஸ்னாப்ஷாட்டில்தான்: 40 ஜிபி கோப்பை அழித்தும் ஒரு பைட் கூட மீளாது, பழைய ஸ்னாப்ஷாட் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். இங்கே டிஎஃப் காட்டும் எண்ணை நம்பாமல், பிடிஆர்எஃப்எஸ்ஸின் சொந்த யூசேஜ் கட்டளையைப் பாருங்கள். டேட்டாபேஸ், விஎம் இமேஜ்களுக்கான டைரக்டரியில் காப்பி ஆன் ரைட்டை (மாற்றத்தைப் பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதுவதை) முதலிலேயே, காலியாக இருக்கும்போதே அணைக்க வேண்டும். அணைத்தால், தரவு சிதைந்ததைக் கண்டுபிடிக்கும் செக்சம் பாதுகாப்பும் போய்விடும்.

எந்த முறையானாலும் இரண்டு குழப்பங்கள் வரும். லாக்கை அழித்த பிறகும் டிஎஃப் இறங்கவில்லை என்றால், ஏதோ ஒரு நிரல் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கொண்டு கண்டுபிடித்துச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். இன்னொன்று, இடம் இருந்தும் 'இடமில்லை' என்ற பிழை. டிஎஃப்பை ஐ சுவிட்ச்சோடு (-i) ஓட்டினால் ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் வேண்டிய குறிப்பேடு) தீர்ந்தது தெரியும். இஎக்ஸ்டி4 இயல்பாக 16 கேபிக்கு ஒரு ஐநோட் என்று உருவாக்கும்போதே நிர்ணயித்துவிடுவதால், லட்சக்கணக்கான சின்னக் கோப்புகள் அதைக் காலி செய்துவிடும். எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும்.

500 ஜிபி சர்வர் என்றால் நான் பிரிப்பது: /பூட் 1 ஜிபி, ரூட் 40, /வார் 100, /ஹோம் 50, மீதியை யாருக்கும் கொடுக்காமல் விடுவேன். கிளவுட் விஎம்மில் இதெல்லாம் தேவையில்லை. ஒரே ரூட் போதும், தரவுக்குத் தனி டிஸ்க். ரூட் போதாவிட்டால் டிஸ்க்கின் அளவைக் கூட்டி, பார்ட்டிஷனை நீட்டும் குரோபார்ட் ஓட்டி, ஃபைல் சிஸ்டத்தை விரித்துக்கொள்ளலாம்.