முகூர்த்த நேரத்து வெளிச்சத்துக்கு எந்த பிரைம் லென்ஸ்? சோனி 35 மி.மீ. எஃப் 1.8 விமர்சனம்

அதிகாலை முகூர்த்தத்தில் மண்டபத்துக்குள் பகல் வெளிச்சம் என்று ஒன்று கிடையாது. மணவறைக்குப் பின்னால் கலர் எல்இடி பார் லைட்டுகள், சீரியல் செட், வீடியோகாரர் ஸ்டாண்டில் வைத்த ஒன்றிரண்டு விளக்குகள், அவ்வளவுதான். ஃபால்ஸ் சீலிங் உயரமாக இருந்தால் ஃபிளாஷைக் கூரையில் அடித்தாலும் பாதி வெளிச்சம் திரும்பி வராது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் கூடுதலாக வரும். எஃப் 2.8 ஜூமில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன், ஏற ஏறப் படத்தில் புள்ளி தட்டும்) 6400 கேட்கும் இடத்தில், அதே ஷட்டர் வேகத்துக்கு எஃப் 1.8-க்கு ஏறக்குறைய 2500 போதும், எஃப் 1.4-க்கு 1600. ஜூம் இல்லாத ஒரே மி.மீ. லென்ஸான பிரைமை வாங்குவதற்கான முழுக் காரணமும் இந்தக் கணக்குதான்.

அடுத்த கேள்வி எத்தனை மி.மீ. என்பது. எண் கூடக் கூடக் காட்சி குறுகும். முதல் பிரைமாக 85-ஐ வாங்குபவர்கள்தான் அதிகம். பின்னணி கரைந்து போகும் அழகு அப்படி. ஆனால் கெட்டிமேளம் கொட்டும்போது 85-ஐ வைத்துக்கொண்டு பின்னால் நகர இடம் இருக்காது. முதுகுக்குப் பின்னால் சொந்தக்காரர்கள், பக்கத்தில் வீடியோகாரர், முன்னால் ஹோம குண்டம். ஒன்றரை மீட்டரில் 85 மி.மீ. படம் பிடிக்கும் அகலம் சுமார் 63 செ.மீ. மணப்பெண் முகம் வரும். தாலி கட்டும் கையும் மூன்றாவது முடிச்சுக்குக் காத்திருக்கும் நாத்தனாரும் வெளியே போய்விடுவார்கள். அதே இடத்தில் 35 மி.மீ. ஒன்றரை மீட்டர் அகலத்தைக் காட்டும். ஃபோகஸ் ஆழமும், அதாவது முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் தூரமும், அப்படித்தான்: எஃப் 1.8-இல் 85-க்கு மூன்றரை செ.மீ. கூடத் தேறாது, மூக்குத்தி கூர்மையாக இருந்தால் ஜிமிக்கி மங்கும். 35-க்கு ஏறக்குறைய 20 செ.மீ. குனிந்த முகமும் கழுத்துக்குப் பின்னால் உள்ள விரல்களும் அதற்குள் அடங்கிவிடும்.

அதனால் ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார்) சோனி வைத்திருப்பவர்களுக்கு முதல் லென்ஸாக நாங்கள் சொல்வது 2019-இல் வந்த எஃப்இ 35 மி.மீ. எஃப் 1.8-ஐத்தான். எடை 280 கிராம், ஃபில்டர் அளவு 55 மி.மீ. லீனியர் மோட்டார் என்பதால் ஃபோகஸ் சத்தமில்லாமல் சட்டென்று உட்காருகிறது. பலரும் கவனிக்காத பலம் இதன் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம்: 22 செ.மீ., உருப்பெருக்கம் 0.24. அதாவது 15 செ.மீ. அகலமுள்ள பொருளே ஃபிரேமை நிரப்பும். மருதாணிக் கை, மெட்டி போடும் விரல், தட்டில் மஞ்சள் கயிறோடு இருக்கும் தாலி எல்லாவற்றுக்கும் கிட்டத்தில் எடுக்கும் தனி மேக்ரோ லென்ஸ் தேவைப்படாது. 85 எஃப் 1.8 இந்த விஷயத்தில் 80 செ.மீ.-க்குக் கிட்டே வரவே மறுக்கும்.

குறை இல்லாமல் இல்லை. எஃப் 1.8-இல் ஜரிகை, கல் நகை போல மின்னும் இடங்களில் ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையும் ஓரம் கட்டும். பட்டுப்புடவை பார்டரில் இது பளிச்சென்று தெரியும். எஃப் 2.2-க்குப் போனால் குறையும், 2.8-இல் பெரும்பாலும் போய்விடும். மிச்சத்தை லைட்ரூம் மென்பொருளில் ஓர நிறத்தை நீக்கும் டீஃபிரிஞ்ச் பார்த்துக்கொள்ளும். மூலைகள் இருட்டடிப்பதும் உண்டு, ஆனால் லென்ஸ் புரொஃபைல் போட்டால் சரியாகிவிடும். அப்பர்ச்சர் வளையம் கிடையாது.

தாலி கட்டும் நேரத்துக்கு எஃப் 2 அல்லது 2.2, ஆட்டோ ஐஎஸ்ஓ உச்சவரம்பு 6400, ஏஎஃப்-சி (தொடர் ஃபோகஸ்). இங்கே சொதப்புவது பெரும்பாலும் அட்சதைதான். பறக்கும் அரிசியும் பூவும் முகத்துக்கு முன்னால் வந்ததும் ஃபோகஸ் அதன்மேல் தாவும். டிராக்கிங் சென்சிடிவிட்டியை 1-இல் வைத்தால் கேமரா முகத்தைச் சட்டென்று விட்டுவிடாது. மாலை முகத்தை மறைத்தால் கண் கண்டறிதலை நம்பிக் காத்திருக்காமல் சிறிய ஃபோகஸ் புள்ளிக்கு மாறுங்கள். அதற்கு ஒரு பட்டனை முன்பே ஒதுக்கி வையுங்கள். ஹோமப் புகை தடித்தால் கான்ட்ராஸ்ட் விழுந்து எந்த மோட்டாரும் தேடத் தொடங்கும். அப்போது முகத்தை விட்டு மாலையின் ஓரம் போல கான்ட்ராஸ்ட் உள்ள இடத்தைப் பிடிக்க வேண்டும்.

படத்தில் பட்டை விழுந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100 பாதுகாப்பு, ஆனால் கை அசைவுக்கு 1/200 வேண்டும். மெக்கானிக்கல் ஷட்டரோடு கேமராவின் ஆன்டி-ஃபிளிக்கரை (விளக்குத் துடிப்புக்கு ஏற்ப ஷட்டரை இயக்கும் வசதி) இயக்கினால் 1/200-இலும் சமாளிக்கலாம். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் அதுவும் உதவாது, ஏனென்றால் அந்தத் துடிப்பு வேறு வேகம். மணமக்கள் வருவதற்கு முன்பே 1/100, 1/125, 1/160 என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டையை அதிகமாக்கும் சைலன்ட் (எலக்ட்ரானிக்) ஷட்டரை மணவறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். இளஞ்சிவப்பு பார் லைட் முகத்தில் விழுந்து சிவப்பு சேனல் வெந்து (சிவப்பு அளவுமீறி விவரம் அழிந்து) போவதற்கும் எந்த லென்ஸிலும் மருந்து இல்லை. டெக்கரேஷன்காரரிடம் முன் விளக்கை வெள்ளைக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் வழி. கேட்டால் பெரும்பாலும் மாற்றுவார்கள்.

சிக்மா 35 எஃப் 1.4 டிஜி டிஎன் நல்ல லென்ஸ். அப்பர்ச்சர் வளையமும் உண்டு. ஆனால் எடை சுமார் 640 கிராம், கூடுதலாகக் கிடைக்கும் வெளிச்சமோ முக்கால் ஸ்டாப்புக்கும் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). இருட்டுத் தீம் வைத்த ரிசப்ஷன்களையே அதிகம் எடுப்பவருக்கு அது நியாயம். காசு தடையில்லை என்றால் 524 கிராமில் சோனியின் 35 ஜி மாஸ்டர் எஃப் 1.4 இரண்டையும் விடச் சிறந்தது. மலிவு என்று எஃப்இ 50 எஃப் 1.8-ஐ எடுக்காதீர்கள்: அதன் பழைய வகை மோட்டார் மெதுவானது, சத்தம் வீடியோவிலும் ஏறும். 371 கிராம் எடையுள்ள 85 எஃப் 1.8 இரண்டாவது லென்ஸாக வரட்டும்; மணமகள் அறையிலும் ரிசப்ஷனிலும் அதற்கு வேலை இருக்கிறது.

கேனன்காரர்களுக்கு ஆர்எஃப் 35 எஃப் 1.8-இல் ஸ்டெபிலைசர் உண்டு, ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், மாப்பிள்ளையின் கையை அல்ல. சென்சார் சிறிதான ஏபிஎஸ்-சி கேமராவில் 35 என்பது 52 போல ஆகிவிடும். அங்கே சிக்மா 23 எஃப் 1.4 டிசி டிஎன் பொருத்தம்.

வாங்கும்போது ஜிஎஸ்டி பில்லில் உள்ள சீரியல் எண் லென்ஸில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சுவரில் செய்தித்தாளை ஒட்டி, நேர் எதிரே நின்று எஃப் 1.8-இல் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்குங்கள். ஒரு மூலை மட்டும் குழம்பினால் கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. வேறு லென்ஸ் கேளுங்கள். பழைய லென்ஸ் என்றால் செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்துப் பார்த்தால் சிலந்திவலை போலப் பூஞ்சை தெரியும். கடலோர ஊர்களில் இது சாதாரணம். பூஞ்சை இருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.