முன்பணம் கட்டிவிட்டுப் புது மாடலுக்குக் காத்திருக்கிறீர்களா? முதலில் ரசீதை எடுத்துப் பாருங்கள்

புது மாடல் டெஸ்க்டாப் வந்ததும் தருகிறேன் என்று சொன்ன யாரிடமாவது முன்பணம் கொடுத்து வைத்திருந்தால், இதைப் படித்து முடிப்பதற்குள் அந்த ரசீதைத் தேடி எடுத்துவிடுங்கள். கணினியின் மூளையான ப்ராசஸர் சிப்பின் பெயர் கடைசி எண்வரை எழுதியிருக்கிறதா? மதர்போர்டு என்ன மாடல்? ராம் (மெமரி) பழைய வகையான டிடிஆர்4-ஆ, புது வகையான டிடிஆர்5-ஆ? "லேட்டஸ்ட் ஜெனரேஷன், 16 ஜிபி, 1 டிபி எஸ்எஸ்டி" என்று மட்டும் இருந்தால், கடையில் தேங்கிக் கிடக்கும் எதையும் உங்கள் தலையில் கட்ட அவருக்கு வழி இருக்கிறது. எனக்குக் கட்டினார்கள்.

என் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது இன்டெல்லின் ஆறாம் தலைமுறை ஐ5-6500. 2015-இல் வந்த நாலு கோர் ப்ராசஸர். கணக்கு வேலைக்கு அது இன்றும் போதும். வீடியோ வெட்டி ஒட்ட உட்கார்ந்தால்தான் திணறும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடியும் என்று மைக்ரோசாஃப்ட் முன்பே அறிவித்திருந்தது. இன்டெல்லின் ஆறாம் தலைமுறை ப்ராசஸர்கள் விண்டோஸ் 11-க்கான பட்டியலிலேயே இல்லை. எப்படியும் மாற்றியாக வேண்டும், ஆனால் அவசரமில்லை என்ற நிலைமை.

காத்திருக்க எனக்குத் தெளிவான காரணம் ஒன்றும் இருந்தது. 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில், குறிப்பாக உயர்ரக மாடல்களில், கணினி திடீர் திடீரென்று நின்றுபோகும் சிக்கல் 2024-இல் பெரிதாக வெடித்தது. தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் சிப் தேய்கிறது என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோகோட் (சிப்பின் உள்மென்பொருள்) திருத்தம் வெளியிட்டது. பாதிக்கப்படக்கூடிய மாடல்களுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. எல்லா மாடலுக்கும் இந்த நோய் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பத்து வருடம் வைத்து ஓட்டப்போகிற பெட்டிக்கு ஏன் அந்த வம்பு, அடுத்த தலைமுறைக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த அடுத்த தலைமுறை 2024 அக்டோபர் 24 அன்று விற்பனைக்கு வந்தது: கோர் அல்ட்ரா 200 வரிசை. ஆனால் முதலில் வந்தவை 'கே' மாடல்கள் மட்டுமே. அதிக மின்சாரம் இழுக்கும், விலையும் அதிகம். எனக்கு வேண்டியது 65 வாட் சாதாரண மாடல். அவை ஜனவரியில் நடக்கும் சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சியில் அறிவிக்கப்படும் என்று பேச்சு இருந்தது, அப்படியே 2025 ஜனவரியில் வரவும் செய்தன.

பல நண்பர்களுக்கு அசெம்பிள் செய்து கொடுத்த ஒருவரிடம் டிசம்பரில் பேசினேன். "ஜனவரியில வந்துடும் சார். முதல் லாட்லயே உங்களுக்கு ஒண்ணு எடுத்து வச்சிடுறேன். அட்வான்ஸ் மட்டும் போட்டுடுங்க, பேர் பதிஞ்சுக்கறேன்" என்றார். போட்டேன். போட்ட கையோடு, "13, 14-ஆம் ஜெனரேஷன் வேண்டாம், கோர் அல்ட்ராதான் வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது. ரசீதில் அவர் எழுதியது 'நியூ மாடல் ஐ5 டெஸ்க்டாப்' என்று.

அந்த 'ஐ5'தான் கொக்கி. கோர் அல்ட்ராவில் 'ஐ' என்ற எழுத்தே கிடையாது; பெயர் 'கோர் அல்ட்ரா 5' என்றுதான் வரும். இன்டெல் தன் டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு 14-க்குப் பிறகு தலைமுறை எண் போடுவதையும் நிறுத்திவிட்டது. ஆகவே யாராவது '15-ஆம் ஜெனரேஷன் ஐ5' டெஸ்க்டாப் தருகிறேன் என்றால், அப்படி ஒரு பொருளே கிடையாது.

அப்புறம் தொடங்கியது இழுத்தடிப்பு. "டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட ஸ்டாக் வரலை சார்." "வந்தது, பல்க் ஆர்டருக்குப் போயிடுச்சு." "கே மாடல்தான் இருக்கு, அதுக்கு டிஃபரன்ஸ் ஆகும்." முதல் சில வாரங்கள் இது உண்மையாகக்கூட இருந்திருக்கலாம். பிறகு அதே ப்ராசஸர் ஆன்லைனில் சாதாரணமாகக் கிடைப்பதன் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். "அதெல்லாம் கிரே மார்க்கெட் சார், வாரண்டி இருக்காது" என்று மழுப்பினார். பணத்தைத் திருப்பிக் கேட்டால் "இந்த வாரம் கண்டிப்பா" என்பார்.

காத்திருப்பவர்மேல் விற்பவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1981-இல் கையோடு தூக்கிச் செல்லக்கூடிய முதல் கணினிகளில் ஒன்றை விற்று ஓகோவென்று வளர்ந்த ஆஸ்போர்ன் நிறுவனம், அடுத்த மாடல் வருகிறது என்று முன்கூட்டியே வாயைத் திறந்தது. வாங்க இருந்தவர்கள் எல்லாரும் 'சரி, அதுவே வரட்டும்' என்று நின்றுவிட்டார்கள். 1983 செப்டம்பரில் நிறுவனம் திவால். திவாலுக்கு வேறு காரணங்களும் உண்டு என்பார்கள். ஆனாலும் காத்திருக்கும் வாடிக்கையாளர் என்றால் விற்பவருக்கு வயிற்றில் புளி கரைக்கும் என்பது மட்டும் அன்றிலிருந்து மாறவில்லை. அவர் கையில் இருக்கும் பழைய சரக்கு நாளுக்கு நாள் மதிப்பிழக்கிறது. உங்களிடம் முன்பணம் வாங்கிவிட்டால் நீங்கள் வேறு எங்கும் போகமாட்டீர்கள். நீங்கள் அலுத்துப்போகும்வரை இழுத்தால், கடைசியில் அந்தப் பழைய சரக்கையே வாங்கிக்கொள்வீர்கள். இதில் ஏமாற்றும் எண்ணம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று சொல்வது கஷ்டம். என் விஷயத்தில் ரசீது எழுதும்போதே தொடங்கிவிட்டது என்பது என் கணிப்பு.

ஆண்டின் பாதி போன பிறகு ஒருநாள் மாலை, "வந்துடுச்சு சார், பசங்ககிட்ட கொடுத்து அனுப்பிட்டேன்" என்று போன். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் கலராகச் சுற்றும் ஃபேன்கள், முகப்பில் 'ஏஐ ரெடி' என்று ஒரு ஸ்டிக்கர். கொண்டுவந்த பையன் மாட்டி, ஆன் செய்து, திரையைக் காட்டிவிட்டு மீதிப் பணத்துக்கு நின்றான். கிரெடிட் கார்டில் கொடுத்தேன். ப்ராசஸர் பெட்டி எங்கே என்றேன். "அது கடையில இருக்கும்" என்றான்.

அவன் போனதும் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சிபியுவைத் தொட்டதும் வலது மேல் மூலையில் பெயர் தெரிந்தது: கோர் ஐ5-14400. கீழே கோர் 10, லாஜிக்கல் ப்ராசஸர் 16. கோர் அல்ட்ரா 5 225 என்றால் இரண்டு இடத்திலும் 10 என்றுதான் காட்டும், ஏனென்றால் ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கை அந்த வரிசையில் எடுத்துவிட்டார்கள். அடுத்து மெமரி. வேகம் 3200. பயன்பாட்டில் உள்ள ஸ்லாட் இரண்டில் ஒன்று.

அந்த 3200 ஒன்றே போதும். கோர் அல்ட்ரா 200 டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் எல்ஜிஏ 1851 என்ற புது சாக்கெட்டில் (போர்டில் ப்ராசஸர் பொருந்தும் இடம்) உட்காருபவை, டிடிஆர்5 மட்டுமே ஏற்பவை. டெஸ்க்டாப்புக்கு விற்கும் டிடிஆர்5 பொதுவாக 4800-இல் தொடங்குகிறது. 3200 என்று காட்டினால் உள்ளே இருப்பது அநேகமாக டிடிஆர்4. போனில் டார்ச் போட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ராமின் லேபிளில் டிடிஆர்4 என்றே அச்சடித்திருந்தது, போர்டில் எச்610 என்று. எச்610 என்பது எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கான மலிவு போர்டு. நாளைக்கு நானே காசு போட்டுக் கோர் அல்ட்ரா வாங்கினாலும் அதில் பொருந்தாது. ராமும் ஒற்றைக் குச்சி. இரண்டாகப் போட்டிருந்தால் கிடைக்கும் தரவுக் கடத்தல் வேகத்தில் பாதிதான் கிடைக்கும்.

ஐ5-14400 மோசமான ப்ராசஸர் என்று சொல்ல வரவில்லை. அதை அதன் பெயர் சொல்லி, அதன் விலைக்கு விற்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அதற்கு முந்தைய ஐ5-13400-க்கும் அதே 10 கோர், அதே 16 த்ரெட். உச்ச வேகம் 4.6-லிருந்து 4.7 கிகாஹெர்ட்ஸ் ஆனதுதான் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம். அதற்காகவா பாதி வருடம் காத்திருந்தேன்?

'ஏஐ ரெடி' ஸ்டிக்கரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐ5-14400-இல் ஏஐ வேலைக்கான தனிப் பகுதியான என்பியு கிடையவே கிடையாது. கோர் அல்ட்ரா 200-இல் இருப்பதுகூட 13 டாப்ஸ்தான் (ஒரு டாப்ஸ் என்றால் விநாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு). மைக்ரோசாஃப்ட் 'கோபைலட் பிளஸ்' என்று முத்திரை தர 40 கேட்கிறது. ஸ்டிக்கர் அச்சடிக்க எதுவும் தேவையில்லை.

எஸ்எஸ்டியையும் பார்த்துவிடுவோம் என்று கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலியை ஓடவிட்டேன். புது எஸ்எஸ்டியில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். இதில் நான்கு இலக்கம். யாரோ ஓட்டிக் கழற்றியது. விண்டோஸ் உரிமமும் நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் வகை. அந்த வகை ஆக்டிவேஷன் 180 நாளுக்குள் நிறுவனத்தின் சர்வரோடு பேசிப் புதுப்பித்துக்கொள்ளவில்லை என்றால் காலாவதியாகிவிடும். என் வீட்டில் ஏது அப்படி ஒரு சர்வர்?

போன் செய்தேன். அவர் பதில் அப்படியே: "சார், 14-ஆம் ஜெனரேஷன் புது மாடல்தானே? ரசீதுல ஐ5-னுதானே போட்டிருக்கு? நீங்க சீல் எதுவும் பிரிக்கலையே? பிரிச்சா வாரண்டி போயிடும்." வாட்ஸ்அப் வரியை நினைவூட்டினேன். "அது நான் பார்த்தேன்னுதான் தம்ஸ்அப் போட்டேன் சார், ஓகேன்னு இல்ல" என்றார். ப்ராசஸர் பெட்டியைக் கேட்டேன். அது 'ட்ரே' சரக்கு, பெட்டியே வராது என்று அப்போதுதான் சொன்னார். இது முக்கியம்: பெட்டியில் வரும் இன்டெல் ப்ராசஸருக்கு மூன்று ஆண்டு உத்தரவாதத்தை இன்டெல்லிடமே நேரடியாகக் கேட்கலாம். ட்ரே சரக்குக்கு விற்றவர்தான் பொறுப்பு. அந்த விற்றவர் இவர்.

கார்டில் கொடுத்த பணத்துக்கு வங்கியில் உடனே தகராறு பதிவு செய்தேன். 'சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு' என்ற பிரிவு அதற்கென்றே இருக்கிறது. டாஸ்க் மேனேஜர் படம், ராம் லேபிள் படம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இணைத்தேன். சில வாரங்களில் அந்தத் தொகை திரும்ப வந்தது. அவர் ஆள் அனுப்பி மெஷினையும் எடுத்துக்கொண்டார். முன்பணம் மட்டும் நேரடியாக அவர் கணக்குக்கு மாற்றியது. அது இன்னும் வரவில்லை.

ஏஎம்டி வாங்குபவர்கள் சிரிக்க வேண்டாம். 2024 ஜூலை இறுதியில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்டி, ரைசன் 9 5900எக்ஸ்டி இரண்டும் தேதிப்படி புதுசு. உள்ளே இருப்பது 2020-இன் ஜென் 3 வடிவமைப்பு, உட்காருவது பழைய ஏஎம்4 சாக்கெட்டில். அதில் டிடிஆர்5 ஏறாது. 2022-இல் வந்த ஏஎம்5-க்கு டிடிஆர்5 தவிர வேறு எதுவும் ஆகாது. 'இந்த வருஷம் ரிலீஸ் ஆனது' என்று விற்பவர் சொன்னால், எந்த சாக்கெட் என்று திருப்பிக் கேளுங்கள். கிராபிக்ஸ் கார்டில் இன்னும் மோசம்: என்விடியாவின் ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் ஜிடிடிஆர்5 கார்டும் உண்டு, டிடிஆர்4 கார்டும் உண்டு. இரண்டாவதின் மெமரி தரவுக் கடத்தல் வேகம் முதலாவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

இப்போது அவர் புதுச் சாக்கு ஒன்று வைத்திருக்கிறார். ராம் விலை எகிறிவிட்டதாம், நான் முன்பணத்துக்கு மேல் கொஞ்சம் போட்டால் சரியான மெஷினே தருவாராம். விலை எகிறியது பொய்யில்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி போய்க்கொண்டிருப்பதால் 2025 இறுதியில் ராம் விலை கன்னாபின்னா என்று ஏறியது. ஆனால் அவர் ஜனவரியில் தருவதாகச் சொன்ன பொருளுக்கும் ஆண்டுக் கடைசி விலைக்கும் என்ன சம்பந்தம்? பேச்சே இல்லாமல் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் கொடுத்துவிட்டேன். ரசீதைவிட அங்கே எனக்குக் கைகொடுப்பது அந்த வாட்ஸ்அப் வரிதான். ஆகவே மெசேஜ்களை அழிக்காதீர்கள், போனில் சொன்னதை அன்றைக்கே எழுத்தில் திருப்பி அனுப்பி 'சரி' என்று ஒரு வார்த்தை பதில் வாங்கிவிடுங்கள், முன்பணத்தையும் கார்டிலேயே கொடுங்கள்.

புகார் நகல் கிடைத்த பிறகு அவரிடமிருந்து வந்த ஒரே மெசேஜ்: "எங்கயாவது போஸ்ட் போட்டீங்கன்னா செட்டில் பண்ண மாட்டேன் சார்." போட்டுவிட்டேன்.