கலர் கிரேடிங் பழக: நிறச்சக்கரமா, கர்வ்ஸா?

ஒளிப்படத் திருத்த மென்பொருளில் கலர் கிரேடிங் (படத்தின் நிறத்தொனியை மாற்றியமைக்கும் வேலை) பழகத் தொடங்குபவர் பிறர் செய்துவைத்த பிரீசெட், நிறச்சக்கரம், அல்லது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சேனல்களுக்கும் (படத்தின் நிற அடுக்குகள்) தனித்தனியான கர்வ்ஸ் (இடது முனை கருமையையும் வலது முனை வெண்மையையும் குறிக்கும், வளைத்து மாற்றக்கூடிய கோடு) என்ற மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. மூன்றையும் கையாண்டபின் நான் கர்வ்ஸிலேயே நிலைத்துவிட்டேன்.

பிரீசெட் என்பது சேமித்துவைத்த அளவுகள் மட்டுமே. நம் படத்தின் வெளிச்சமும் ஒயிட் பேலன்ஸும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமநிலை) அதற்குத் தெரியாது. நேரத்தை மிச்சப்படுத்தும், கற்றுத்தராது.

நிறச்சக்கரத்தின் பலம் அதன் எளிமை. நிழல்களை நீலத்தின் பக்கமும் ஒளிர்பகுதிகளை ஆரஞ்சின் பக்கமும் நகர்த்தினால் விளைவு உடனே தெரிகிறது. மையத்திலிருந்து விலக விலக நிறம் அடர்கிறது. வெளிச்சத்தை மாற்றத் தனி ஸ்லைடரும் இருக்கிறது.

கர்வ்ஸ் அத்தனை சுலபமாகப் பிடிபடாது. நீலச் சேனலின் இடது முனையை உயர்த்தினால் கருமையில் நீலம் படர்வதும், வலது முனையைத் தாழ்த்தினால் வெண்மை மஞ்சளாவதும் முதலில் விளங்காத செயலாகவே தோன்றும். நீலத்துக்கு எதிர் மஞ்சள், சிவப்புக்கு எதிர் சயான், பச்சைக்கு எதிர் மெஜந்தா என்ற மூன்று இணைகளும் மனத்தில் பதிந்துவிட்டால், எந்தப் படத்தைப் பார்த்தாலும் எந்தக் கோட்டை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று சொல்லிவிட முடியும். முகத்தின் நிறம் பெரும்பாலும் கோட்டின் நடுப்பகுதியைச் சார்ந்திருப்பதால், அங்கே ஒரு புள்ளியை ஊன்றிவிட்டு முனைகளைத் தொடுவது நல்லது. மூன்று சேனலுக்கும் பொதுவான கோட்டை எஸ் வடிவில் வளைத்தால் கான்ட்ராஸ்டோடு நிறச்செறிவும் ஏறும். போட்டோஷாப்பில் அந்தக் கர்வ்ஸ் லேயரை (படத்தின் மேல் வைக்கும் திருத்த அடுக்கு) வெளிச்சத்தை மட்டும் மாற்றும் லூமினாசிட்டி முறைக்கு மாற்றினால் அந்த ஏற்றத்தைத் தவிர்க்கலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: மென்பொருள் மாறும்போது கையில் எது மிஞ்சுகிறது என்பது. லைட்ரூம் என்ற மென்பொருளில் நிழல், ஒளிர்பகுதி என இரண்டை மட்டுமே கொண்டிருந்த ஸ்பிளிட் டோனிங் என்ற நிறக் கருவி 2020 அக்டோபரில் விலகி, இடைத்தொனிக்கும் இடமளிக்கும் சக்கரங்கள் வந்தன. பழகியவர்கள் புதிய அமைப்புக்கு மாற வேண்டியிருந்தது. 2012இல் லைட்ரூம் 4உடன் வந்த சேனல் கர்வ்ஸோ அன்று போலவே இன்றும் இயங்குகிறது. போட்டோஷாப், கேப்ச்சர் ஒன், டார்க்டேபிள், கிம்ப் என எங்கே போனாலும் அதே கோடு காத்திருக்கிறது. ஒன்றில் செய்த திருத்தத்தைப் பெரும்பாலும் அப்படியே மற்றொன்றுக்குக் கொண்டுபோக முடியாத நிலையில், நம்மோடு வருவது இந்தப் பழக்கம்தான். ஒரே புள்ளி எல்லா மென்பொருளிலும் ஒரே விளைவைத் தரும் என்று இதற்குப் பொருளில்லை. வண்ணத்தைக் கணக்கிடும் முறை ஒவ்வொன்றிலும் வேறு. கோட்டை எந்தத் திசையில் நகர்த்த வேண்டும் என்பது மட்டும் மாறுவதில்லை.

பலவகை விளக்குகள் கலந்த உள்ளரங்கப் படங்களில் சக்கரம், கர்வ்ஸ் இரண்டுமே தனித்துப் போதாது. மாஸ்க் போட்டு (திருத்த வேண்டிய இடத்தை மட்டும் பிரித்தெடுத்து) பகுதி பகுதியாகத்தான் திருத்த வேண்டும். காணொளியில் என் அனுபவம் குறைவு. அத்துறையினர் சக்கரங்களையே முதன்மையாகக் கையாள்வதால், அந்தப் பக்கம் போக நினைப்பவர் சக்கரத்திலிருந்தே தொடங்குவது பொருத்தமாக இருக்கலாம்.