45-இலேயே நின்ற முள்: துப்பாக்கிப் பெட்டகம் வாங்கப் போகிறவர்களுக்கு

கையிலிருந்து துரு வாடை இன்னும் போகவில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். சொல் தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா விட்டுச்சென்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று உரிமத்தோடு என்னிடம் இருக்கிறது. அதை நான் சுட்டதைவிடத் துடைத்ததுதான் அதிகம். வேலை நிமித்தம் நான்கு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியிருந்தது, அதுவும் மழைக்காலத்தில். பழைய பெட்டியில் வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. இணையத்தில் பெட்டகங்கள் விற்கும் ஒரு தளத்தில் 'ஈரம் புகாதது' என்று ஒன்றைப் பார்த்தேன். கதவுக்கு ரப்பர் விளிம்பு, உள்ளே தடித்த கம்பளித் துணி, மூலையில் ஈரம் உறிஞ்சும் மூடிய டப்பா, கதவின் மேல் வட்டமாக, காற்றின் ஈரத்தைச் சதவீதத்தில் முள்ளால் காட்டும் ஓர் ஈரப்பதமானி. விலை என் இரண்டு மாதச் சம்பளம்.

இரண்டு நாள் தயங்கினேன். பிறகு அவர்களுடைய எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் குரலிலேயே ஒரு கனிவு. யாருடைய துப்பாக்கி என்று கேட்டார், சொன்னேன். "தாத்தாவுடையதா சார்? அப்படியானால் உங்கள் பேரன் கைக்கும் அது இப்படியே போய்ச் சேரும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தேன். எண்ணெய் தடவி வைக்கலாமா என்று கேட்டதற்கு, "எண்ணெயே வேண்டாம் சார், துணியில் கறை பிடிக்கும். நன்றாகத் துடைத்து, பஞ்சு உறையோடு வைத்துவிடுங்கள். முள் 45-இல் நிற்கும், நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்" என்றார். முப்பது வருடமாகத் தாத்தா செய்ததை, முகம் தெரியாத ஒருவர் சொன்னார் என்று விட்டுவிட்டேன். இந்தத் தவறு என்னுடையது, மறுக்கவில்லை.

நேற்று இரவு திரும்பி வந்தேன். முள் 45-இல்தான் நின்றது. சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தேன். உறையைப் பிரித்தால் வலது குழல் முழுக்கச் செம்பழுப்பாகப் பூத்திருந்தது. பஞ்சு தொட்டுக்கொண்டிருந்த இடமெல்லாம் உறையின் நெசவு அப்படியே துருவில் அச்சாகப் பதிந்திருந்தது. விசைக்காப்பில் என் கட்டைவிரல் ரேகை தெரிந்தது. கடைசியாக வெறுங்கையால் தொட்டது நான்தான், வியர்வையின் உப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது.

காலையில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். வெளித்துருவை எண்ணெயும் மெல்லிய எஃகு நாரும் கொண்டு எடுத்துவிடலாம் என்றார். குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். உள்ளே குழி விழுந்திருக்கிறது. தேய்த்து மழமழப்பாக்கினால் குழலின் சுவர் மெலியும், அதன் பிறகு சுடுவது ஆபத்து. "குழலின் மேல் கருநீல மெருகு இருக்கிறதே என்று நம்பினீர்களா தம்பி? அதுவும் ஒரு வகைத் துருதான். எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தனியாக ஒன்றும் காக்காது" என்றார். பிறகு ஈரப்பதமானியைச் சோதிக்க ஒரு வழி சொன்னார். ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பை எடுத்து, கூழாகும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, மானியோடு காற்றுப் புகாத பைக்குள் எட்டு மணி நேரம் வைக்க வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் முள் 75-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வைத்தேன். மாலையில் எடுத்தேன். 45. குளியலறையில் வெந்நீர் ஆவிக்கு நடுவில் பிடித்தேன். 45. திருகாணியைக் கழற்றினேன். முள்ளை நகர்த்த வேண்டிய சுருளே உள்ளே இல்லை. ஒரு தகட்டில் முள்ளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஒரு படம் வாங்கியிருக்கிறேன்.

உப்புப் பை ஒரு பக்கம் இருக்க, பெட்டகத்தை விற்றவர்களையும் இன்று விடாமல் அழைத்தேன். முதல் அழைப்பில் படங்கள் அனுப்பச் சொன்னார்கள், பதினொன்று அனுப்பினேன். இரண்டாவது அழைப்பில், கதவை அடிக்கடி திறந்திருப்பீர்கள் என்றார்கள். நான்கு மாதம் ஊரிலேயே இல்லாதவனிடம்! மூன்றாவது முறை வேறொருவர் எடுத்தார். "உத்தரவாதம் பெட்டகத்துக்கு மட்டும்தான் சார். பெட்டகம் துருப்பிடிக்கவில்லையே?" என்றார். எனக்குப் பேச்சே எழவில்லை. அந்தக் கனிவான குரல்காரரைக் கேட்டேன், அப்படி யாரும் இங்கே இல்லையாம். கால் மணி நேரத்தில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது.

இதே யோசனையில் இருப்பவர்கள் எதை எதைச் செய்ய வேண்டும் என்று முறையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை, நினைவுக்கு வருவதைச் சொல்கிறேன். மானியை வாங்கிய அன்றே உப்பு வைத்துச் சோதியுங்கள். ஈரப்பதம் 50-க்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் 30-க்கும் கீழே போனால் துப்பாக்கியின் மரக்கட்டையில் வெடிப்பு விழும். பஞ்சு உறை, தோல் உறை இரண்டும் தூக்கிச் செல்ல மட்டும்தான். ரப்பர் விளிம்பு ஈரத்தை வெளியே நிறுத்தும் என்பார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரத்தையும் அதுதான் வெளியே விடாது. 30 டிகிரியில் 60 சதவீத ஈரத்தோடு பூட்டிய காற்று, இரவில் 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் 90-ஐத் தாண்டிவிடும். டப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் நிரம்பிவிட்டால் வெறும் மணிதான், அதனால் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாத மூடிய டப்பாவை வாங்காதீர்கள். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு உண்டு, அவற்றைச் சமையல் அடுப்பில் வைத்துக் காய வைக்காதீர்கள். எண்ணெய் வேண்டாம் என்று எவன் சொன்னாலும் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

இரண்டு மாதச் சம்பளம். திரும்பக் கிடைக்கும் என்று தோன்றவில்லை, விடுவதாகவும் இல்லை. நான்காவது முறையாக அழைத்திருக்கிறேன். காத்திருக்கச் சொல்லி அரை மணி நேரமாக இசை ஓடிக்கொண்டிருக்கிறது.